வெளியுறவு அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்தத் தண்டனைக் கோப்புகளை நீங்களாகவே திறங்கள்

உலக நாடுகளின் வெளியுறவு அமைச்சகங்களுக்கும், அவற்றில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளைக் கையாளும் பிரிவுகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் கட்டடங்களில் அவ்வப்போது ஒரு நினைவுப் பலகை திறக்கப்படுகிறது. தபால்தலை வெளியாகிறது. ஹிட்லர் காலத்தில் அகதிகளைக் காப்பாற்றிய அதிகாரி நம் துறைக்கே பெருமை சேர்த்தவர் என்று அமைச்சர் பேசுகிறார். அதே அதிகாரியின் பணிப்பதிவேட்டைப் புரட்டினால், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருப்பது கண்டனம் அல்லது கட்டாய ஓய்வு அல்லது பணிநீக்கம். அதை எழுதியதும் இதே துறைதான். நான் பேச வந்தது அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி.

யான் ஸ்வார்டென்டைக் என்பவரை எடுத்துக்கொள்வோம். லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் பிலிப்ஸ் நிறுவனக் கிளையை நடத்தி வந்தவர். தூதரகப் பணியில் பயிற்சி எதுவும் இல்லாதவர். 1940 ஜூனில் நெதர்லாந்தின் தற்காலிகத் தூதராக அவரை நியமித்தார்கள். அதற்குள் நெதர்லாந்து ஜெர்மனியிடம் வீழ்ந்துவிட்டது. லிதுவேனியாவுக்குள் சோவியத் படை வந்துவிட்டது. போலந்திலிருந்து தப்பி வந்திருந்த யூதர்கள் அங்கிருந்து கிளம்ப வேண்டுமானால், போய்ச் சேரும் இடம் என்று ஏதாவது ஒரு ஊரைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும்.

கரீபியக் கடலில் குராசோ என்று ஒரு டச்சுத் தீவு. அங்கே போக நுழைவு விசா தேவையில்லை, ஆனால் ஆளுநர் அனுமதித்தால்தான் கரையிறங்க முடியும் என்பது விதி. ஸ்வார்டென்டைக் விதியின் முன்பாதியை மட்டும் கடவுச்சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். பின்பாதியை விட்டுவிட்டார். (அதை விட்டுவிட முதலில் ஒப்புக்கொண்டவர் ரீகாவில் இருந்த அவருடைய மேலதிகாரி தே டெக்கர். அவரையும் நாம் மறந்துவிட்டோம்.) கூட்டம் பெருகவே, கையால் எழுதியது போதாமல் ரப்பர் முத்திரையே செய்துகொண்டார். ஆகஸ்ட் தொடக்கத்தில் சோவியத் அதிகாரிகள் அலுவலகத்தை மூடும்வரை, சில நாட்களுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அரைகுறை வாக்கியம் கிடைத்தது. குராசோவுக்குப் போகும் உத்தேசம் யாருக்கும் இருக்கவில்லை. அந்த முத்திரையைக் காட்டி, அதே ஊரில் இருந்த ஜப்பானியத் தூதர் சியுனே சுகிஹாராவிடம் வழிப்பயண விசா வாங்கினார்கள். சைபீரியா வழியாக ரயிலேறி ஜப்பான் போனார்கள்.

1964இல் இந்தக் கதை ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. டச்சு வெளியுறவு அமைச்சகம் அவரைக் கூப்பிட்டுவிட்டது. பாராட்ட அல்ல, விதியை மீறியதற்காகக் கண்டிக்க! போர் முடிந்து 19 ஆண்டுகள் ஆனபிறகு, நாஜி வதைமுகாம்களில் நடந்தது என்னவென்று உலகமே அறிந்தபிறகு. 1976இல் அவர் இறந்தார். அந்தக் கண்டனம் தவறு என்று டச்சு அரசு ஒப்புக்கொண்டது 2018இல். ஒரு வரிக் கண்டனத்தைத் திரும்பப் பெற 54 ஆண்டுகள்.

சுகிஹாராவுக்கும் இதே கதி. டோக்கியோ மறுத்தும் விசா எழுதினார். அவர் அனுப்பிய பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. 1947இல் வேலை போனது. ஆட்குறைப்பு என்றது அமைச்சகம். கௌனாஸ் விவகாரம்தான் காரணம் என்றது குடும்பம். ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் கோனோ யோஹெய் வருத்தம் தெரிவித்தது 2000இல். சுகிஹாரா இறந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர்ச்சுகலின் அரிஸ்டிடஸ் டி சோசா மென்டஸ் கதை இன்னும் மோசம். யூதர்களுக்கும் நாடற்றவர்களுக்கும் லிஸ்பனைக் கேட்காமல் விசா தரக்கூடாது என்று 1939 நவம்பரில் 14ஆம் எண் சுற்றறிக்கை வந்தது. 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது அவர் பொர்தோ நகரத் தூதர். கேட்டவர்களுக்கெல்லாம் விசா என்று முடிவு செய்தார். நேரம் மிச்சமாகட்டும் என்று, நீளமான தன் பெயரைக் குறுக்கி "மென்டஸ்" என்று மட்டும் கையெழுத்திட்டார். பெயரைப் பதிவதும் கட்டணம் வாங்குவதும் நின்றன. பிறகு பயோன் நகருக்கே போய், தயங்கி நின்ற அலுவலகத்திலும் விசா கொடுக்க வைத்தார். சர்வாதிகாரி சலசாரின் அரசு அவரைத் திரும்ப அழைத்து விசாரித்து, வேலையிலிருந்து ஒதுக்கியது. லிஸ்பனில் யூதச் சமூகம் நடத்திய இலவச உணவுக்கூடத்தில் அவர் குடும்பம் சாப்பிட்டது. 1954இல் வறுமையில் இறந்தார். நாடாளுமன்றம் குற்றச்சாட்டுகளை நீக்கியது 1988இல். 2021இல் தேசிய நினைவு மண்டபத்தில் இடம் கிடைத்தது. கல்லறைக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு சாப்பாட்டு மேசைக்குக் கிடைத்திருக்கலாம்.

உங்கள் தரப்பு வாதம் எனக்குப் புரியாமலில்லை. ஒவ்வொரு அதிகாரியும் தன் மனசாட்சிப்படி விசா கொடுக்கத் தொடங்கினால் துறை நடக்காது. மனிதாபிமானம் என்ற பெயரில் லஞ்சம் புகுந்துவிடும். நியாயமான கவலைதான். அதற்காகத்தான் கோப்பைத் திறக்கச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மாநிலக் காவல்துறைத் தலைவர் பால் க்ரூனிங்கர் உங்கள் துறைக்காரர் இல்லை என்றாலும் அவர் கதை இங்கே பொருந்தும். 1938 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்த அகதிகளின் படிவங்களில் வருகைத் தேதியை முன்தேதியிட்டார். மூடுவதற்கு முன்பே வந்தவர்களாக அவர்கள் ஆனார்கள். 1939இல் பணிநீக்கம், ஓய்வூதியம் கிடையாது. 1940இல் 300 பிராங்க் அபராதம். அதோடு விட்டார்களா? அகதிகளிடம் காசு வாங்கினார், பெண்களிடம் தவறாக நடந்தார் என்று ஊரெல்லாம் வதந்தி. கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, அந்த வதந்தியையும் சுமந்துகொண்டு 1972வரை வாழ்ந்தார். பின்னாளில் ஆவணங்களை ஆராய்ந்தபோது அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1995இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இளமையில் அவர் ஆடிய கால்பந்து மைதானத்துக்கு இப்போது அவர் பெயர். கோப்பு பூட்டிக் கிடந்ததால் லாபம் வதந்திக்குத்தான்.

இதற்கு வழியும் சுவிட்சர்லாந்திலேயே இருக்கிறது. நாஜிக் காலத்தில் அகதிகள் தப்ப உதவியதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளைச் செல்லாதவையாக்கும் சட்டம் 2004இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. இழப்பீடு கிடையாது என்பது அதன் குறை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் பேரனும் தனித்தனியாக வழக்கு நடத்த வேண்டிய கட்டாயத்தை அது ஒழித்தது. மற்ற இடங்களில் நடப்பது என்ன? மகன் மனு போடுகிறார், பேத்தி போடுகிறார், துறை "பரிசீலிக்கிறது". தவறு துறையுடையது, அலைச்சல் மட்டும் வாரிசுகளுடையதா?

ஆகவே கேட்கிறேன். அகதிகளுக்கு ஆவணம் கொடுத்ததற்காக, தஞ்சம் கொடுத்ததற்காக, சுற்றறிக்கையைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்காக நடவடிக்கைக்கு ஆளானவர்களின் கோப்புகளை, யாரும் மனு போடக் காத்திராமல் வரிசையாக எடுங்கள். சொந்த லாபம் தேடியவர் யார், தேடாதவர் யார் என்று பாருங்கள். தேடாதவர் மீதான தண்டனையை எழுத்தில் ரத்து செய்யுங்கள். பிடித்து வைத்த ஓய்வூதியத்தை வாரிசுக்குக் கொடுங்கள். தூதர்களோடு நிறுத்திவிடாதீர்கள். பொர்தோவில் முத்திரை குத்தவும் விசா நிரப்பவும் தூதரகச் செயலர் ஜோசே சேப்ரா உடன் உட்கார்ந்திருந்தார். இப்படி எத்தனை எழுத்தர்கள், ஓட்டுநர்கள், வாயிற்காவலர்கள் என்பது உங்கள் வருகைப் பதிவேடுகளைப் பார்த்தால்தான் தெரியும்.

இது பழங்கதை மட்டுமல்ல. பிரான்சில், இத்தாலி எல்லையருகே ரோயா பள்ளத்தாக்கில் ஒலிவ விவசாயம் செய்யும் செத்ரிக் எரூ, நடந்து வந்த அகதிகளுக்கு உதவியதால் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார். சகோதரத்துவம் என்பது அரசியலமைப்புக் கோட்பாடு என்று பிரான்சின் அரசியலமைப்புக் கவுன்சில் 2018இல் சொன்னது. 2021இல் அவர் விடுதலை உறுதியானது. அவர் உயிரோடு இருக்கும்போதே தீர்ப்பு வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எனவே தேடலை 1940இலிருந்து தொடங்க வேண்டாம். இன்று உங்கள் துறையில், அகதி ஒருவருக்கு விதியைத் தளர்த்தியதற்காக விளக்கம் கேட்கப்பட்டு, பதிலோடு காத்திருக்கும் அதிகாரியின் கோப்பை முதலில் எடுங்கள். பழையவை அடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
அந்தக் கோப்புகளைப் படிக்கக் காத்திருக்கும் ஒரு வாசகர்