நாகானோவிலிருந்து கோமதிக்கு

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்தது. பேத்திக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். குழந்தை நன்றாக இருக்கட்டும்.

ஜப்பான்காரர்களின் ஆயுளுக்கு அந்தப் பச்சைத் தேயிலைப் பொடிதான் காரணமா, வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறாய். அனுப்புகிறேன். ஆனால் உனக்கு பி.பி. இருப்பதால் வேறொன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

மகன் இருக்கும் இந்த நாகானோ, கடலே இல்லாத மலைநாடு. பனிக்காலம் நீளம். அதற்காக நோசவானா என்கிற கீரையை உப்பில் ஊறப்போட்டு வைத்து, சோற்றுக்கும் அதுதான், டீக்கும் அதுதான் என்று தின்றிருக்கிறார்கள். கூடவே மிசோ, அதாவது உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த சூப். 1960களில் பக்கவாதச் சாவு ஜப்பானிலேயே மிக அதிகமாக இருந்த மாகாணங்களில் இதுவும் ஒன்று. அதே நாகானோ 2010இல் ஆயுளில் நாட்டுக்கே முதலிடம்: ஆண்களுக்கு 80.88 வயது, பெண்களுக்கு 87.18.

இதில் பெரும்பங்கு வீட்டுப் பெண்களுடையது, கோமதி. 1945இல் தகாஹோ என்ற கிராமத்தில், தனியாக அல்லாடிய சுகாதார நர்சுக்குத் துணையாகச் சில பெண்கள் கிளம்பினார்கள். அந்த வழக்கம் மாகாணம் முழுக்கப் பரவியது. தெருத்தெருவாக முறை வைத்துக்கொண்டு, தாங்கள் படித்ததை அக்கம்பக்கத்துக்குச் சொன்னார்கள். அடுப்படிக்கே போய் சூப்பில் எவ்வளவு உப்பு என்று அளந்தும் காட்டியிருக்கிறார்கள். சாகு ஊர் மருத்துவமனைக்கு அதே வருடம் வந்த டாக்டர் வகாட்சுகி தோஷிகாசு, கிராமங்களுக்குப் போய் வைத்தியம் பார்த்ததோடு நாடகம் போட்டும் சுகாதாரம் சொன்னார். 1976இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நாம் வகுப்பில் பாடம் நடத்திய காலத்தில் இவரைப் பற்றித் தெரிந்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம்!

மிசோவையே விடு என்று அவர்கள் சொல்லவில்லை. சூப்பில் காயை நிறையப் போடு, குடிக்கிற சாறு தானாகக் குறையும். நூடுல்ஸைத் தின்றுவிட்டுச் சாற்றை மீதி வை. சோயா சாஸை மேலே ஊற்றாதே, தொட்டுக்கொள். இவ்வளவுதான். இங்கே காய்கறி மலிவு, தின்பதும் அதிகம். 2012 கணக்கில் அதிலும் நாகானோதான் முதலிடம்.

உப்பில் மட்டும் ஜப்பானை அப்படியே பின்பற்றாதே. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். இவர்கள் இன்னும் அதைப் போல இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள். நீ தயிர்சாதத்துக்கு நாரத்தங்காய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றையும் வைத்துக்கொள்வாயே, ஒரு வேளைக்கு ஒன்று போதும். அதுவும் சின்னத் துண்டு.

இன்னொன்று. வயிறு நிறையும் முன்பே எழுந்துவிடும் ஓகினாவா தீவுக்காரர்களின் வழக்கத்தைக் கேள்விப்பட்டு, ராத்திரி வெறும் மோரோடு படுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கவலையாக இருக்கிறது. அளவோடு சாப்பிடுவது ஐம்பது வயதுக்காரருக்கு நல்லது. நம் வயதில் மெலிவதுதான் ஆபத்து என்று ஜப்பான் அரசே சொல்கிறது. 65 தாண்டியவர்களுக்கு பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 21.5க்குக் கீழே போகக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். தசை கரைந்தால் ஒருநாள் குளியலறையில் கால் தடுக்கும், அப்புறம் படுக்கைதான். இங்கே முதியவர்கள் தினமும் மீன், டோஃபு என்கிற சோயா பனீர், முட்டை என்று ஏதாவது ஒன்றை விடாமல் சாப்பிடுகிறார்கள். நீ மீன் தொடமாட்டாய். சுண்டல், பாசிப்பயறு, தயிர் ஏதாவது ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். ராத்திரி இரண்டு அடையாவது சாப்பிடு.

பல் டாக்டரிடமும் போய்விட்டு வா. எண்பது வயதில் இருபது பல் என்று 1989இல் இங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள். இப்போது அந்த வயதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அத்தனை பல் இருக்கிறது. மெல்ல முடியவில்லை என்றுதானே நீ சுண்டலை விட்டாய்?

பொடியை அடுத்த வாரம் மகன் தபாலில் போடுவான். உன் எடையும் பி.பி.யும் எவ்வளவு என்று பதிலில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராஜம்