ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்குகிறது. சிங்கப்பூரில் உணவு விநியோக ஊழியர்கள் முதல், நாள்தோறும் ஜொகூரிலிருந்து கடற்பாலம் கடந்து வேலைக்கு வருவோர் வரை, மோட்டார்சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மில் ஏராளம். பூஜைக்கு முதல்நாள் வண்டியைக் கழுவி, மெருகேற்றி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போடுவது வழக்கம். அப்போது நடக்கும் சில தவறுகளின் விளைவு மறுநாள் காலை விரைவுச்சாலையில்தான் தெரியவரும். வண்டி பளபளக்கவில்லை என்றால் யாருக்கும் நட்டமில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து.

முதலில் மெருகுத் தைலம். கார்களுக்கு விற்கும் டயர் மெருகில் பெரும்பாலும் சிலிகான் இருக்கிறது. கார் வளைவில் சாய்ந்து ஓடுவதில்லை; மோட்டார்சைக்கிள் சாய்ந்துதான் திரும்பும், அப்போது டயரின் ஓரம் சாலையைத் தொடும். பக்கச் சுவரில் பூசிய தைலம் அந்த ஓரத்துக்குப் பரவினால், மழை ஈரத்தில் வண்டி வழுக்கிவிடும். எனவே டயருக்குச் சவர்க்கார நீரும் தூரிகையும் போதும். இருக்கை, கால் மிதி, கைப்பிடி ஆகியவற்றிலும் இதைப் பூச வேண்டாம். பிரேக் அடிக்கும்போது ஓட்டுபவர் இருக்கையில் வழுக்கி முன்னே நகர்வது சிறிய விஷயமல்ல.

மெழுகோ எண்ணெயோ தெளிக்கும்போது பிரேக் டிஸ்க்கைத் துணியால் மூடிவிடுங்கள். தவறிப் பட்டுவிட்டால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை அல்லது பிரேக் கிளீனரைச் சுத்தமான துணியில் நனைத்து டிஸ்க்கைத் துடைக்கலாம். பிரேக் பேடு எண்ணெயை உறிஞ்சிவிட்டால் கழுவிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், மாற்றியே ஆகவேண்டும். பிரேக் கிளீனர் வண்ணப்பூச்சில் பட்டால் அதை அரித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, உயர் அழுத்த நீர். சக்கர அச்சு, ஹேண்டில் தண்டு, பின் சக்கரத்தைத் தாங்கும் பின் கையின் (ஸ்விங் ஆர்ம்) மூட்டு ஆகிய இடங்களில் கிரீஸ் அடைத்த பேரிங்குகள் உள்ளன. அவற்றின் ரப்பர் சீல் மழைநீரைத் தாங்கும். நேராகப் பீய்ச்சும் நீரைத் தாங்காது. உள்ளே போன நீர் கிரீஸைக் கெடுத்து, சில மாதங்களில் துரு பிடிக்க வைக்கும். அப்போது சக்கரம் ஆடும், பழி டயர்மேல் விழும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் வளைவதும், சுவிட்சுகளில் நீர் புகுந்து ஹாரன் அடிக்காமல் போவதும் இதனால்தான். பீய்ச்சும் முனையை ஒரு மீட்டர் தள்ளியே பிடியுங்கள். ஹேண்டிலில் பொருத்திய, சாலைக் கட்டணம் கழிக்கும் ஓபியூ சாதனத்தின் பக்கம் திருப்பவே வேண்டாம். புகைபோக்கியின் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் வளையம் போட்டால் நீர் நுழையாது. கழுவி முடித்ததும் அதை எடுத்துவிடுங்கள்.

ஓட்டி வந்த கையோடு நீர் ஊற்றக்கூடாது. குறைந்தது அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணக்கூடும். சூடான உலோகத்தில் சவர்க்காரம் காய்ந்து கறையாகும். ஆறியபின் வெறும் நீரால் மேலிருந்து கீழாக நனைத்து மண்ணைக் கரைத்துவிட்டு, அதன்பிறகே வாகன ஷாம்பு. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது மெழுகுப் பாதுகாப்பையும் சேர்த்து எடுத்துவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலசும் நீர். சக்கரத்துக்கும் செயினுக்கும் தனித் துணி. தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய வண்டியில் மைனா எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்தால் தானே வந்துவிடும். முன்கண்ணாடித் தகடும் தலைக்கவசத்தின் முகத்தகடும் பிளாஸ்டிக். அமோனியா கலந்த சன்னல் கண்ணாடித் திரவமும் பெட்ரோலும் பட்டால் அவற்றில் நுண் விரிசல் விழும். பளபளப்பில்லாத 'மேட்' வண்ணப்பூச்சு உள்ள வண்டிக்கு மெழுகே கூடாது.

செயினைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுழலும் செயினைத் துணியால் துடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கையை எடுக்க நேரமே இருக்காது. சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நடு ஸ்டாண்ட் இல்லாத வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளிக்கொள்ளலாம். செயினின் இணைப்புகளில் ஓ வளையம் என்ற சிறு ரப்பர் வளையம் இருந்தால் பெட்ரோலும் கம்பித் தூரிகையும் வேண்டாம்: பெட்ரோல் வளையத்தை உப்ப வைக்கும், கம்பி கிழித்துவிடும். மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனரும் மென்மையான தூரிகையும் போதும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, செயினின் உட்பக்கத்தில் எண்ணெய் இட்டு, கால் மணி நேரம் கழித்து மிகுந்ததை ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் தெறித்துப் பின் டயரில் படியும். ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது. அடைமழையில் ஓட்டினால் அதற்கு முன்பே. செயின் எவ்வளவு தொய்வாக இருக்கவேண்டும் என்பது பெரும்பாலும் பின் கையில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

பூஜை முடிந்ததும் காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமம் வெள்ளை வண்ணத்தில் கறை பிடிக்கும். மறுநாளே நனைத்து எடுத்துவிடுங்கள். விளக்கிலும் எண் பலகையிலும் பொட்டு வேண்டாம். ஹேண்டிலில் தொங்கும் மாலையோடு சாலையில் இறங்கவே கூடாது, நார் அறுந்து முன்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பும்போது சாறு டயரில் இருக்கும், பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் தரையோ வழவழப்பானது. நேராக, மெதுவாக நகர்ந்த பிறகே திரும்புங்கள்.

கழுவிய வண்டியை உலர்த்துவதற்காக என்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வைப்பது இங்கே குற்றம். அதற்குப் பதிலாக, போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டியபடி முன், பின் பிரேக்குகளை ஐந்தாறு முறை இலேசாகப் பிடித்து விடுங்கள். டிரம் பிரேக் உள்ள பழைய கப்சாய்களுக்கு (சிறிய ரக மோட்டார்சைக்கிள்களுக்கு) இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும்.

கடைசியாக, கழுவும் இடம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாலையோர வடிகாலில் விடும் ஷாம்பு நீரும் மண்ணெண்ணெயும் மரினா போன்ற நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேரும். அதைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம். வாகனம் கழுவுவதற்கென அமைத்த இடத்தில் மட்டுமே கழுவுங்கள். காசு வாங்கிக்கொண்டு வண்டி கழுவிக் கொடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: பண்டிகைக் கூட்டத்தில் எவ்வளவு அவசரம் இருந்தாலும், சக்கர அச்சையும் செயினையும் உயர் அழுத்த நீரால் அடிக்காமல் வாளியும் தூரிகையும் கொண்டு கழுவிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்