அல்லிக்குளமும் உன் கண்ணும்

பாரிஸ்

அன்புள்ள சண்முகம்,

நலம். நீயும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது, மகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். விசாரிப்பு இவ்வளவு போதும்.

நீ வண்ணப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறதாம், டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தும் நீ போகவில்லையாம். நான் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் தங்கச்சியை வாசிக்கச் சொல். அவளும் கேட்கட்டும்.

கல்லூரி நூலகத்தில் அட்டை பிய்ந்து கிடந்த அந்தப் பெரிய புத்தகத்தில் பார்த்தோமே, பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குளம், அதை நேரில் பார்த்துவிட்டேன். உள்ளங்கை அளவுப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு எத்தனை சண்டை! "வெறும் திரைச்சீலை அலங்காரம்" என்று நீ சொல்ல, மாஸ்டரும் உன் பக்கம் சாய்ந்தார். இத்தனை வருடம் கழித்து உங்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், நீங்கள் பார்த்தது அந்த ஓவியமே இல்லை.

துயிலரி தோட்டத்தின் ஓரத்தில் ஒராஞ்செரி என்ற அருங்காட்சியகம். அதில் இரண்டு நீள்வட்ட அறைகள், எட்டு ஓவியங்கள். எல்லாம் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம். வரிசையாக நிறுத்தினால் நீளம் 90 மீட்டரைத் தாண்டும். கேன்வாஸை வளைந்த சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் கூரை வழியாக வருகிறது. வெளியே மேகம் சூரியனை மறைத்தால் உள்ளே குளமும் மங்குகிறது. இடையில் பல வருடங்கள் மேலே ஒரு தளத்தைக் கட்டி இந்த வெளிச்சத்தை அடைத்தே விட்டார்கள். 2006-ல்தான் அது திரும்பக் கிடைத்தது. ஓவியனுக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேறென்ன செய்ய முடியும்?

'மேகங்கள்' என்ற ஓவியத்தின் முன்னால்தான் அதிக நேரம் உட்கார்ந்தேன். கரை கிடையாது, தொடுவானம் கிடையாது. இரு ஓரத்திலும் மரங்களின் நிழல் இருண்டு நிற்கிறது. மேலே இருக்க வேண்டிய வானம் நடுவில் தண்ணீருக்குள் கிடக்கிறது. அந்த மேகத்தின் மேல் இலைகள் மிதக்கின்றன. நாம் நிற்கும் இடம் எது என்பதே சிறிது நேரம் பிடிபடவில்லை. அப்புறம் பக்கத்தில் போய்ப் பார்த்தேன், காவலர் முறைக்கும் தூரம் வரைக்கும். தண்ணீர் இருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷை இழுத்திருக்கிறார், தோசைக்கல்லில் எண்ணெய்த் துணி ஒற்றியதைப் போல. பூக்கள் இருக்கும் இடத்தில் வண்ணம் பொருக்குத் தட்டி எழுந்து நிற்கிறது: வெள்ளை, அதன் மேல் கொஞ்சம் ரோஜா, ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று. அங்கே பூவே இல்லை, சண்முகம், வெறும் வண்ணக் கட்டி. பின்னால் நகர்ந்து வந்தால் பூத்துவிடுகிறது. இலைகளைக் கிடைமட்டமாகத் தீற்றியிருக்கிறார், மரங்களின் பிரதிபலிப்பைச் செங்குத்தாக. குளத்தின் பரப்பும் ஆழமும் அந்த இரண்டு திசைகளில் வந்துவிடுகின்றன. நீ தெப்பக்குளத்தை வரைந்தபோது கோபுர நிழல் தண்ணீரில் ஒட்டாமல் மேலே மிதக்கிறது என்று புலம்பினாயே, அதற்கு விடை இங்கே சுவர் சுவராக இருக்கிறது.

அந்தக் குளமே மோனே உண்டாக்கியது. ஜிவெர்னி என்ற கிராமத்தில் அவர் வீட்டுக்கு எதிரே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் 1893-ல் நிலம் வாங்கி, ஓடைத் தண்ணீரைத் திருப்பி, கலப்பின அல்லிகளைக் கொண்டுவந்து நட்டார். வெளிநாட்டுச் செடி தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். இலைகளில் படிந்த தூசியைத் துடைத்துச் சுத்தம் செய்ய ஒரு தோட்டக்காரரையே வைத்திருந்தார். பிரதிபலிப்பு கெடக் கூடாது என்பதில் அத்தனை பிடிவாதம்.

இப்போது உனக்காகவே சொல்கிற பகுதி. 1912-ல் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்தது. பத்து வருடத்துக்கு மேல் அறுவையைத் தள்ளிப்போட்டார். பயத்துக்குக் காரணம் இருந்தது. மேரி கஸாட் என்ற ஓவியருக்கு அதே அறுவை பலன் தராமல் போயிருந்தது. உன் பெரியப்பாவுக்கு நேர்ந்ததுதான் உன் மனத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் தள்ளிப்போட்ட காலத்தில் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேள். ட்யூபில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, தட்டில் எது எங்கே என்ற பழக்கத்தை நம்பி வரைய வேண்டியதாயிற்று. அந்த வருடங்களில் வரைந்த ஜப்பானியப் பாலங்கள் மார்மோத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பச்சையும் நீலமுமாக இருந்த பாலம் சிவப்பும் பழுப்புமாக எரிகிறது. அழகுதான். ஆனால் அதை வரைந்தவர் குளத்தை அப்படித்தான் பார்க்க முடிந்தது என்று நினைத்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அவரை விடாமல் நச்சரித்தது கிளமான்சோ. பிரான்சின் பிரதமராக இருந்தவர், படித்தது மருத்துவம். முதல் உலகப் போர் முடிந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, மோனே தன் ஓவியங்களைத் தேசத்துக்குத் தருவதாகக் கடிதம் எழுதியது இவருக்குத்தான். பிறகு மோனே பின்வாங்கப் பார்த்தபோது நட்பே முறிகிற அளவுக்குக் கோபப்பட்டவரும் இவரே. கடைசியில் 1923-ல் மோனேயின் வலது கண்ணில் அறுவை நடந்தது. தலைக்கு இருபுறமும் மணல்மூட்டை வைத்து, அசையாமல் நாள்கணக்கில் படுக்க வேண்டும் என்றார்கள். அவர் கண்ணில் போட்ட கட்டைப் பிடுங்க முயன்று ரகளை செய்தார். பிறகு தடித்த கண்ணாடி, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்ற புலம்பல், கோபம். இத்தனைக்குப் பிறகும் இந்தப் பெரிய கேன்வாஸ்களின் முன்னால் மறுபடி போய் நின்றார். 1926 டிசம்பரில் இறந்தார். 1927 மே மாதம் அறைகள் திறந்தன.

சவப்பெட்டியின் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணியைக் கிளமான்சோ எடுத்துவிட்டு, பூப்போட்ட துணியைப் போர்த்தினாராம், மோனேவுக்குக் கறுப்பு வேண்டாம் என்று. கறுப்பு ட்யூபைத் தொடவே மாட்டேன் என்ற உன் சபதம் ஞாபகம் வந்து அங்கேயே சிரித்துவிட்டேன். மோனே 1905-ல் எழுதிய வண்ணப் பட்டியலில் ஆறே நிறங்கள்தான், கறுப்பு இல்லை. மாஸ்டரிடம் இதைச் சொல்லாதே, மறுபடி ஆரம்பித்துவிடுவார்.

உனக்கு மணல்மூட்டையும் கிடையாது, தடித்த கண்ணாடியும் கிடையாது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் 1949-ல் லண்டனில் வந்துவிட்டது. மோனேவுக்கு அது கிடைக்கவில்லை. இப்போது அறுவையே அரை மணி நேரத்தில் முடிந்து அன்றைக்கே வீடு திரும்பலாம். பஸ் ஏறினால் மதுரை கண் ஆஸ்பத்திரி. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று உன் மாணவர்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாய்.

நீ வரையாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, சண்முகம். நம் கூட்டத்தில் தண்ணீரைப் பார்க்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நான் விளம்பரப் பலகைகளிலேயே காலத்தை ஓட்டினேன், தாடி சினிமா செட்டுக்குப் போனான். நீதான் நாற்பது வருடம் அந்த ஒரே குளத்தின் படிக்கட்டில் ஓவியத் தாங்கியை விரித்தவன். அந்தப் படம் இன்னும் முடியவில்லை.

மாத முடிவில் ஊருக்கு வருகிறேன். முதல் கண்ணுக்கு அதற்கு முன்னாலேயே நாள் கிடைத்தால் எனக்காகக் காத்திருக்காதே, தங்கச்சியோடு போய்விடு. இரண்டாவது கண்ணுக்கு நான் கூட வந்து உட்காருகிறேன். இங்கே நல்ல கோபால்ட் நீலம் கிடைக்கிறது, பெரிய ட்யூப் வாங்கிவைத்திருக்கிறேன். வேறு என்ன நிறம் வேண்டும் என்று இந்த வாரத்துக்குள் எழுது, கடை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அன்புடன்,
கதிரேசன்