பழுதான சர்வரைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கணினிப் பயிற்சி வகுப்பு நடத்தும் தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், ஒரு நிறுவனத்தின் சர்வர்களை, அதாவது மற்றக் கணினிகளுக்குச் சேவை தரும் மையக் கணினிகளை, பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலிலும் உட்காருவேன். உங்களைப் போன்றவர்களிடம் படித்த தம்பி தங்கைகள் அங்கே வந்து உட்காருவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற பிள்ளைகளுக்கு நீங்கள் வழிகாட்டியிருக்கிறீர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவத் தெரிகிறது. விண்டோஸ் சர்வரில், பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியை அமைக்கத் தெரிகிறது. ஆனால் "நேற்று வரை ஓடிய சர்வர் இன்று காலை படுத்துவிட்டது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "ரீஸ்டார்ட் பண்ணுவேன் சார்." பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பில் அவர்கள் தொட்டதெல்லாம் ஒழுங்காக ஓடிய மெஷின்கள். மோட்டார் பட்டறையில் சேரும் பையனுக்குக்கூட முதல் வாரமே ஸ்டார்ட் ஆகாத வண்டியைத்தானே கொடுக்கிறார்கள்!

ரீஸ்டார்ட் செய்தால் தடயம் அழிந்துவிடும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் எழுதும் செய்திகள் முதலில் மெமரியில்தான் இருக்கும். ஜர்னல் என்னும் இந்தப் பதிவேட்டை எந்த வகையிலும் டிஸ்கில் சேமிக்க ஏற்பாடு செய்யாத சர்வரில், ரீஸ்டார்ட் செய்ததும் அத்தனையும் போய்விடும். மெமரி தீர்ந்துபோய், அப்போது புரோகிராம்களை நிறுத்தி இடம் பிடிக்கும் ஓஓஎம் கில்லர் டேட்டாபேஸை நிறுத்தியதா, டிஸ்க்கே பழுதா என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. சர்வர் எழுந்துகொள்ளும், காரணம் அப்படியே இருப்பதால் மறுபடி விழும்.

நான் கேட்பது இதைத்தான்: வேண்டுமென்றே பழுதாக்கிய மெஷினைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

டிஸ்கில் இடமில்லை என்று பிழைச்செய்தி வருகிறது. டிஸ்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளை நூறு சதவீதம் என்கிறது. எந்த ஃபோல்டர் என்று, ஃபோல்டர்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியு (du) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கணக்கு பாதிகூட வரவில்லை. மாணவர் திகைக்க வேண்டிய இடம் இது. யாரோ பெரிய லாக் ஃபைலை (நடப்பவற்றைப் பதியும் கோப்பை) அழித்திருக்கிறார்கள், ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டது, இடம் விடுபடவில்லை. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளை அந்தப் புரோகிராமைக் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும். அடுத்த வாரம் இதையே மாற்றிக் கொடுங்கள்: டிஎஃப் பாதி டிஸ்க் காலி என்கிறது, பிழைச்செய்தியோ அதேதான். இந்த முறை தீர்ந்துபோனது ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய குறிப்பேட்டு இடம். எங்கோ குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கும். அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்த பிள்ளைக்கு இது ஆயுசுக்கும் மறக்காது.

விண்டோஸிலும் இப்படிச் செய்யலாம். நிறுவனத்தின் டொமைனில் (ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) இணைந்த மெஷினில், பெயரை வைத்து முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை, கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 என்று மாற்றி வையுங்கள். இணையம் திறக்கும், பிங் போகும், டொமைன் மட்டும் அகப்படாது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பொறுமையாக வாசிக்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையோடு நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. பூட் ஆகவே முடியாத மெஷின்களுக்குப் புது அப்டேட் போய்ச் சேரவில்லை. அவற்றில் பலவற்றின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, தேவையானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து, பழுதான அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கரால் டிஸ்கைப் பூட்டிய மெஷின் என்றால் ரிகவரி கீயும் வேண்டும். சேஃப் மோடை அதற்கு முன் கண்ணால் பார்த்திராதவருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷினை) ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். அந்த மெஷினின் நிலையைப் படம்பிடித்ததுபோல் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால் எத்தனை தடவை கெடுத்தாலும் நிமிடங்களில் பழைய நிலைக்கு வந்துவிடும். செலவாவது பயிற்றுநரின் பொறுமைதான்: விடை நுனிநாக்கில் இருந்தாலும் சொல்லாமல் நிற்க வேண்டும். என்ன பார்த்தேன், எதைச் சந்தேகித்தேன், எப்படிச் சோதித்தேன் என்று மாணவர்களை எழுத வையுங்கள். தமிழோ மலாயோ, எழுதினால் சரி. ஒரே நேரத்தில் நான்கு செட்டிங்கை மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால் மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

தேர்வையும் மாற்றுங்கள். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட் நடத்தும் ஆர்எச்சிஎஸ்ஏ (RHCSA) சர்வர் நிர்வாகித் தேர்வில் டிக் அடிக்கும் கேள்விகள் கிடையாது, மெஷினில் செய்து காட்ட வேண்டும். உங்கள் சான்றிதழுக்கும் அந்த அளவுகோலை வையுங்கள். தேர்ச்சி விழுக்காடு முதலில் இறங்கும், பெற்றோர் கேள்வி கேட்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன பழுதுகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்து விர்ச்சுவல் மெஷின்களாக அமைத்துத் தருகிறேன். பினாங்குத் தீவிலோ பட்டர்வொர்த்திலோ சனிக்கிழமை வகுப்பு என்றால் நானே வந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு சர்வர் நிர்வாகி