துப்பாக்கிச் சட்டமும் சிறையின் கொள்ளளவும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றக் கும்பல்களோடு தொடர்புடைய கைத்துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கனடாவில் தண்டனை கூட வேண்டும் என்ற தங்கள் நிலைப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. கூடும் ஆண்டுகளை எந்தச் சிறை, எத்தனை காவலர்களைக் கொண்டு தாங்கப்போகிறது என்ற கணக்கையும், அதற்காகத் தாங்கள் ஆதரிக்கும் கட்டாயத் தண்டனைச் சட்டமூலத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்த தண்டனை மாகாணச் சிறையில் கழிகிறது. இரண்டு ஆண்டும் அதற்கு மேற்பட்டதும் மத்திய அரசின் சிறைக்குப் போகிறது. உரிமமின்றிக் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை வைத்திருப்பதற்கு 2008ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த குறைந்தது மூன்று ஆண்டு என்ற கட்டாயத் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாது என்றது. ஆனால், அந்த வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்டிருந்த 40 மாதத் தண்டனையை அது குறைக்கவில்லை. கடுமையான குற்றத்துக்குக் கடுமையான தண்டனை கட்டாயமின்றியும் கிடைக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே, புதிய சட்டத்தால் மத்திய சிறைக்கு உண்மையில் எத்தனை பேர் கூடுதலாகப் போவார்கள் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். அங்கே ஒரு கைதிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டொலருக்கும் மேல் செலவாகிறது.

எனக்குப் பெரிய கவலை, வழக்கு முடியும்வரை மாகாணச் சிறையில் வைக்கும் தடுப்புக்காவல்தான். கடுமையான துப்பாக்கிக் குற்றங்களில் தம்மை ஏன் பிணையில் விட வேண்டும் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிறுவ வேண்டும் என்ற விதியும் 2008இல்தான் வந்தது. கட்டாயத் தண்டனை காத்திருக்கும்போது குற்றத்தை ஒப்புக்கொள்ள யார் முன்வருவார்? வழக்கு முழு விசாரணைக்குப் போகும். அதுவரை அவர் மாகாணச் சிறையில் இருப்பார். ஒன்ராறியோ மாகாணத்தின் சிறைகளில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களைவிட விசாரணைக்காகக் காத்திருப்பவர்களே அதிகம். சட்டம் இயற்றுவது ஒட்டாவாவிலுள்ள மத்திய நாடாளுமன்றம், கட்டில் தேடுவது மாகாணம் என்ற இந்த ஏற்பாட்டைப் பற்றித் தங்கள் உரைகளில் ஒரு வரிகூட நான் காணவில்லை.

கும்பல் என்ற சொல் இன்னொரு செலவையும் கொண்டுவருகிறது. பகைக் கும்பல்களைச் சேர்ந்தவர்களை ஒரே பிரிவில் வைக்க முடியாது. உணவு, உடற்பயிற்சி, பார்வையாளர் சந்திப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி நேரம் வேண்டும், ஒவ்வொரு நேரத்துக்கும் காவலர் வேண்டும். மத்திய சிறைகளில் தனிமைச்சிறைக்கு மாற்றாக 2019இல் வந்த முறைப்படி, பிரித்து வைக்கப்படுபவருக்கும் நாளொன்றுக்கு அறைக்கு வெளியே நான்கு மணி நேரமும், அதில் இரண்டு மணி நேரம் மனிதத் தொடர்பும் தர வேண்டும். நியாயமான விதிதான், ஆனால் ஆளில்லாமல் நிறைவேறாது. மொத்தத்தில் நூறு அறைகள் காலியாக இருந்தாலும், தேவைப்படும் பிரிவில் ஓர் அறைகூட இல்லாமற் போகலாம். தலைக்கணக்கு இதைக் காட்டாது. ஆள் பற்றாக்குறையால் சீர்திருத்தப் பயிற்சிகள் தள்ளிப்போனால் பரோலும் தள்ளிப்போகும்.

விசாரணைக்கு முன் சிறையில் கழித்த காலத்துக்காகத் தண்டனையில் தரும் கழிவைக் குறைத்த சட்டத்தின்போது, அரசு முதலில் சொன்ன செலவைவிட மிகப் பெரிய தொகையை அரசின் செலவுகளைத் தனித்து மதிப்பிடும் நாடாளுமன்ற வரவுசெலவு அதிகாரியின் 2010ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது நினைவிருக்கலாம். இம்முறை வாக்கெடுப்புக்கு முன்பே அவரிடம் மதிப்பீடு கேளுங்கள். மாகாணத் தடுப்புக்காவல் செலவையும் கைதிகளைப் பிரித்து வைக்கும் செலவையும் அதில் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். அந்த மதிப்பீடு வெளிவரும்வரை இந்தச் சட்டமூலத்துக்கு என் ஆதரவைத் தர இயலவில்லை.

இப்படிக்கு,
தங்கள் தொகுதி வாக்காளர் ஒருவர்