படத்தின் முதுகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். இந்த வரியைப் பழக்கத்துக்கு எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை பழக்கத்துக்கு எழுதவில்லை.

வாட்ஸாப்பை விட்டுவிட்டுத் தாளில் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். என் போனை என்னைவிட முதலில் அம்மாதான் எடுத்துப் பார்க்கிறாள், உனக்குத் தெரியாததா. தவிர, அதில் அனுப்பினால் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டதா என்று விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பேன். தபாலில் அந்த உபத்திரவம் இல்லை.

அரசலாற்றில் இன்னும் தண்ணீர் வரவில்லை. மாடி அறை ஓடு மாற்றியாயிற்று. பெரியத்தை வீட்டு விவகாரம் நீ போனபோது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அம்மா வடகம் போட்டு, பருப்புப்பொடி இடித்து, பாரிஸ் போகிற ஆள் யாராவது அகப்படுவார்களா என்று தெருத்தெருவாக விசாரிக்கிறாள். ஊர்ச் சேதி இவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் அறையிலிருந்து நதி பத்து நிமிஷ நடை என்று சொல்லியிருக்கிறாய். ராத்திரியில் அந்தப் பக்கம் தனியாகப் போகாதே. கல் பாவிய கரை, வழுக்கும்.

மூன்று வாரம் முன்னால் நீ அம்மாவோடு வீடியோவில் பேசினபோது நானும் பின்னால் நின்றிருந்தேன். நீ தலைவாரவில்லை என்று அம்மா அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள். நான் உனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். மார்ச்சில் நீ முடித்த அந்தப் பெரிய கேன்வாஸ் சுவரைப் பார்த்தபடி திரும்பி நின்றது. குறுக்குக் கட்டையும், ஓரத்தில் வரிசையாக அடித்த ஸ்டேப்பிள் பின்களும் தெரிந்தன. முப்பத்தோரு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்குப் படத்தின் முதுகைப் பார்த்தால் புரியாதா. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை. வேலை இருக்கும்.

அந்தப் படம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்கவும் மாட்டேன். பழைய பாடப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன், அதில் கண்டதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது. பக்கத்து வீட்டு ரிடையர்டு தாசில்தாரிடம் சலோனைப் பற்றிப் பேசினால் முடிதிருத்தும் கடை என்று நினைக்கிறார்.

லூவ்ர் அரண்மனையில் ஒரு சதுரக் கூடம், அங்கே படங்களை வைத்ததால் பாரிஸின் அந்தப் பெரிய ஓவியக் கண்காட்சிக்கே சலோன் என்று பேர் வந்தது. நீதான் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். 1791-இல் புரட்சிக்காரர்கள் அதை எல்லா ஓவியர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1798-இல் பொறுக்கி எடுப்பதற்கு ஒரு ஜூரி வந்தது. அதிலிருந்து ஓவியன் பிழைப்பு அந்த வாசலில்தான். அரசாங்கம் படம் வாங்குவது, மெடல் கொடுப்பது, தேவாலயத்துக்கு வரையச் சொல்வது எல்லாம் அங்கே பார்த்துத்தான். தரையிலிருந்து கூரை வரைக்கும் சட்டத்தோடு சட்டம் இடிக்க மாட்டுவார்கள். உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, எந்த உயரத்தில் மாட்டுகிறார்கள் என்பதும் இருக்கிறது. அதுவும் வருஷா வருஷம் கிடையாது. 1819 விட்டால் 1822, பிறகு 1824, 1827, அப்புறம் 1831. 1833-க்கு மேல்தான் ஆண்டுதோறும். ஒரு தடவை தவறினால் இரண்டு மூன்று வருஷம் கைகட்டி நிற்க வேண்டும். உங்கள் ஊரில் இப்போது வாரத்துக்கு ஒரு கண்காட்சி நடக்கிறது என்று நீயே சொன்னாய்.

ஆங்க்ர் கதை ஞாபகம் இருக்கிறதா? நான் "இங்ரெஸ்" என்று சொல்லிக் கொடுத்து, நீ போன இடத்தில் திருத்திக்கொண்டு வந்து எனக்குச் சொன்ன அதே ஆள். 1806 சலோனில் நெப்போலியனைச் சிம்மாசனத்தில் உட்கார்த்தி ஒரு படம் வைத்தான். பழைய கோத்திக் காலத்துப் படம் மாதிரி இருக்கிறது என்று ஏளனம் செய்தார்கள். அப்போது அவன் பாரிஸிலேயே இல்லை, ரோமுக்குப் புறப்பட்டுவிட்டான். திட்டு பின்னாலேயே தபாலில் வந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்து, திரும்பி வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்தான். நிச்சயம் செய்த பெண்ணைக்கூட வேண்டாம் என்று விட்டான். பதினெட்டு வருஷம். 1824-இல் பதின்மூன்றாம் லூயியின் நேர்த்திக்கடன் படத்தோடு பாரிஸுக்கு வந்தபோது அதே ஊர் தலையில் வைத்துக் கூத்தாடியது. எல்லாரும் சொல்வது இந்த வெற்றிக் கதையைத்தான்.

எனக்கு இந்தத் தடவை வேறொன்று கண்ணில் பட்டது. அவன் அப்பா ஜோசப், மோந்தபான் ஊரில் சிற்பமும் அலங்கார வேலையும் செய்தவர். பென்சிலையும் வயலினையும் மகன் கையில் முதலில் கொடுத்தவர் அவர். 1814-இல் செத்துப்போனார். மகன் அப்போதும் இத்தாலியில். கோபம் பாரிஸ் விமர்சகர்கள் மேல், தண்டனை மோந்தபானில் இருந்த அப்பனுக்கு. இதை உனக்காகச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்தது, சொன்னேன்.

பெரியத்தை ஒரு வரன் கொண்டு வந்தாள். மாப்பிள்ளை பெரிய பதவியாம். 1800-இல் கறுப்புப் பெண்ணின் உருவப்படத்தை வைத்தாளே பெனுவா, அவளுக்கு மெடல் கிடைத்து, பேர் கிடைத்து, பிறகு 1814-இல் புருஷனுக்குப் பெரிய உத்தியோகம் வந்ததும் இனிக் கண்காட்சியில் படம் வைப்பது கௌரவம் இல்லை என்று நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கதையைப் பெரியத்தையிடம் சொன்னேன். "அந்தம்மா யாருடா, நம்ம பக்கமா?" என்றாள். வரனைத் திருப்பிவிட்டேன். என் பெண் ஓவியர் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தெலக்ரூவாவை எடுத்துக்கொள். 1827-இல் தொடங்கி அடுத்த வருஷமும் நடந்த சலோனில் சர்தனபாலஸ் என்ற பழைய அசீரிய ராஜாவின் சாவை வரைந்து வைத்தான். அரசாங்க அதிகாரி கூப்பிட்டு, பாணியை மாற்றிக்கொள் என்று எச்சரிக்கிற அளவுக்குப் போயிற்று. மாற்றவில்லை. அகாதெமி என்ற அரசாங்க ஓவியர் சபையில் இடம் கேட்டு ஏழு தடவை தோற்று, எட்டாவது தடவை 1857-இல் உள்ளே போனான். தியோடோர் ரூஸோவின் மாடுகள் மலையிறங்கும் படத்தை 1836-இல் ஜூரி திருப்பி அனுப்பியது. அரி ஷெஃபர் என்ற இன்னொரு ஓவியர், தன் பட்டறையிலேயே அதை மாட்டி ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மாதிரி ஒரு சிநேகிதர் உனக்கு அங்கே இருக்கிறாரா? இருந்தால் சொல்லு. இல்லாவிட்டாலும் சொல்லு.

சாப்பாட்டை விடாதே. ராத்திரியில் அந்த நதிப் பக்கம் போகாதே.

இதெல்லாம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். தோற்றவன் கடைசியில் ஜெயித்த கதையாகப் பொறுக்கிப் பொறுக்கி எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிரேயரில் சொல்கிற மாதிரி. நாலு நாளாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறவர் வேறு ஆள். நான் "கிராஸ்" என்றே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த க்ரோ.

லூவ்ரில் அந்தச் சிவப்புச் சுவர்க் கூடத்தில் அவருடைய அய்லோ படத்துக்கு முன்னால் நீ என்னை நிற்க வைத்தாயே, கால் வலிக்கிறது என்று சொல்லியும் விடாமல். பிடித்துப் போய் நின்றேன், அதை உன்னிடம் சொல்லவில்லை. 1807 பிப்ரவரி யுத்தம், நெப்போலியன் நடுவில் குதிரை மேல். ஆனால் படத்தின் அடியில், நம் கண்ணுக்கு நேராக, நிஜ ஆளைவிடப் பெரிதாகப் பிணங்கள், முகத்திலும் துணியிலும் பனி அப்பியிருக்கிறது. என் புத்தகத்தில் அது தீப்பெட்டி அளவு கறுப்பு வெள்ளைப் படம். பனிக்கு உள்ளே இவ்வளவு நிறம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 1808 சலோனில் நெப்போலியன் தன் சட்டையிலிருந்த பதக்கத்தைக் கழற்றி அவருக்குக் குத்தினாராம். அதற்கு முன்னால் 1804-இல் ஜாஃபா கொள்ளைநோய்ப் படத்துக்கு மற்ற ஓவியர்களே மாலை சாத்தினார்கள்.

அப்படிப்பட்ட கை. அவருக்குக் குரு தாவித். 1816-இல் தாவித்தை நாடு கடத்தினார்கள், பிரஸ்ஸல்ஸில் போய் உட்கார்ந்தார், தன் பட்டறையை க்ரோவிடம் ஒப்படைத்துவிட்டு. அங்கேயிருந்து சிஷ்யனுக்குக் கடிதமாக எழுதினார். நடப்பு விஷயங்களை வரைந்து காலத்தைக் கழிக்காதே, புளூட்டார்க்கைப் புரட்டு, பழைய வீரர்களை எடு, பெரிய சரித்திரப் படம் செய் என்று. கெட்ட எண்ணம் இல்லை. சிஷ்யன் மேல் கொள்ளைப் பிரியம். க்ரோவும் குரு சொல்லைத் தட்டாதவர். 1822-இல் தெலக்ரூவாவின் முதல் சலோன் படத்துக்குச் சட்டம் உடைந்தபோது நல்ல சட்டம் போட்டுக் கொடுத்த அதே க்ரோ, இரண்டு வருஷத்தில் அவன் கியோஸ் தீவுப் படுகொலைப் படத்தைப் பார்த்து, இது ஓவியத்தையே படுகொலை செய்தது என்றார். குருவின் குரல்தான் அவர் வாயில் வந்தது. தன் நிறத்தை விட்டுவிட்டுக் குருவின் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், 1835 சலோனில் ஹெர்குலிஸ் படம் ஒன்று வைத்தார். எள்ளி நகையாடினார்கள். அறுபத்துநாலு வயது. அந்த ஜூன் மாதம்...

சேன் நதிதான், பாப்பா. உன் அறையிலிருந்து பத்து நிமிஷம்.

இதைத்தான் சொல்ல முடியாமல் கரை வழுக்கும், கரை வழுக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

தாவித்தின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு என் கடிதங்கள்தான் ஞாபகம் வந்தன. கோடு, கோடு, கோடு. முதலில் எலும்பு வரை, பிறகு நிறம். நீ பாரிஸ் போன பிறகும் எத்தனை எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ ஒன்பதாவது படித்தபோது மாவட்டக் கண்காட்சிக்குப் படித்துறையை வரைந்து கொடுத்தாய். சாயந்திர வெளிச்சம், படிக்கட்டு, துணி அலசுகிற ஒரு அம்மாள். நிழலை ஊதாவில் போட்டிருந்தாய். அது தேர்வாகவில்லை என்று நான் வந்து சொன்னபோது, "யாருப்பா வேண்டாம்னாங்க?" என்று கேட்டாய். கமிட்டி என்றேன். மூன்று பேர் கமிட்டி. மற்ற இருவரும் முதல் பரிசே கொடுக்கலாம் என்றார்கள். நிழல் தப்பு, நிழல் என்றால் சாம்பல்தான் என்று ஒதுக்கி வைத்தது நான்.

மாஸ்டர் தன் பெண்ணுக்கே பரிசு கொடுத்துக்கொண்டார் என்று பேச்சு வருமே, அதற்காகத்தான் செய்தேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதியைச் சொல்கிறேன். அந்தப் படம் என் கைக்கு வராது. பதினாலு வயசுக் குழந்தை கைக்கு வந்திருந்தது. அன்று ராத்திரி நீ சாப்பிடாமல் படுத்தாய். நான் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் படம் தொலைந்துவிட்டது என்று சொன்னேனே, தொலையவில்லை. பச்சை டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குப் படித்துறைக்குப் போனேன். தண்ணீர் இல்லை, ஆனால் படியில் நிழல் விழுந்தது. ஊதாதான்.

உங்கள் ஜூரி என்ன நினைத்ததோ எனக்குத் தெரியாது. உனக்கு வாய்த்த முதல் ஜூரி இதுதான்.

கோபித்துக்கொள். வேண்டுமானால் ஆறு மாசம் பேசாதே. ஆனால் அம்மாவோடு பேசு, அவள் ஒன்றும் செய்யவில்லை. பணம் தேவையென்றால் எழுது, பென்ஷன் அரியர் வந்திருக்கிறது. வடகம் கொண்டுவர ஒரு ஆள் கிடைத்துவிடுவார் போலிருக்கிறது, காரைக்கால் பக்கம்.

கடிதம் கிடைத்ததும் "சேர்ந்தது" என்று ஒரு வார்த்தை போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும்.

அன்புடன்,
அப்பா