கதிருக்கு, அம்மா எழுதுறது

கதிரு,

வாய்ஸ் மெசேஜ் போட்டா கேக்க மாட்டேங்கிற, போன் பண்ணா மீட்டிங்கும்மான்னு கட் பண்ணிர்ற, அதான் டைப் பண்றேன். தப்பு தப்பா இருந்தா சரி பண்ணிப் படிச்சுக்க. ஒழுங்கா சாப்புடுறியா? அக்கா வீடியோ கால் போட்டப்ப பின்னாடி நின்னு பாத்தேன், கன்னம் ஒட்டிப்போயி இருந்துச்சு, இருமிக்கிட்டு வேற இருந்த.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அப்பத்தாவுக்கு அதே முழங்கால்தான். அக்கா பாப்பாவுக்கு கீழ ரெண்டு பல்லு மொளச்சிருச்சு.

அக்காகிட்ட உன் பிளட் குரூப் என்னன்னு கேட்டியாமே, ஆபீஸ் கார்டுக்குன்னு சொன்னியாம். பி பாசிட்டிவ். கார்டுக்குன்னா சரி.

பாப்பாவுக்கு ஒரு வயசுக்குள்ள மொட்ட போட்டுக் காது குத்திரணும்னு அப்பத்தா நச்சரிக்குது. ஜோசியரு தையில ஒண்ணு மாசியில ஒண்ணு குறிச்சுக் குடுத்துருக்காரு. அதப் பேசத்தான் பெரியப்பா வீட்ல இருந்து வந்தாங்க. யாரு மடியில உக்கார வைக்கிறதுன்னு பேச்சு வந்துச்சு, பெரியப்பா உடனே எம்பய இருக்கான்ல, அவன் தாய்மாமனா உக்காந்துக்கிறட்டும்னாரு. எம்பொண்ணுக்குக் கூடப்பொறந்த தம்பி இருக்கையில எதுக்கு வெளிய தேடுறீகன்னு கேட்டுட்டேன். நானா பேசுனேன்னு எனக்கே தெரியல. ஒருத்தரும் பேசல, பெரியப்பா காபியப் பாதியில வச்சுட்டாரு. அக்கா வீட்டுக்காரருதான், ஆமாத்தே, அது மச்சினன் செய்யுற மொற, அவன்தான் செய்யணும்னாரு. தங்கமான மனுசன், அவருக்காச்சும் நீ போன் எடு.

பெரியப்பா சும்மா போகல. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு டாக்டரு, பொண்ணாப் பொறந்துட்டு ஆம்பளன்னு சொல்ற இதெல்லாம் குணப்படுத்துறாராம், இப்பவும் கூட்டிட்டுப் போகலாம்னாரு. நான் விடல. நம்ம மதுரையில இருந்து ஒண்ணா வாழ மெட்ராசுக்குப் போன ரெண்டு பொண்ணுங்க கேசுல, 2021ல ஆனந்த் வெங்கடேஷ்னு ஹைகோர்ட் ஜட்ஜு, மாத்துறேன் குணப்படுத்துறேன்னு எவனும் வைத்தியம் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டாரு, உங்களுக்குத் தெரியாதான்னேன். அந்த ஜட்ஜுக்கே மொதல்ல ஒண்ணும் புரியலையாம், புரியாம தீர்ப்பு எழுத மாட்டேன்னு கவுன்சிலிங் குடுக்குறவங்ககிட்ட தானே போயி உக்காந்து கேட்டுக்கிட்டு வந்தாராம். அதயும் சொன்னேன். எல்லாம் அக்கா படிச்சுக் காட்டுனதுதான். உங்கப்பா பேப்பரக் கீழ எறக்கவே இல்ல. ராத்திரி லைட்ட அமத்துனப்பறம் கேக்குறாரு, அந்த ஜட்ஜுக்குப் புரிய எத்தன நாளு ஆச்சாம்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பா இன்னும் உன் பேரச் சொல்ல மாட்டேங்கிறாருதான், ஆனா நீ உக்கார வேணாம்னும் சொல்லல, இது வரைக்கும் சொல்லல.

ஆனா நீயும் ஒண்ணும் லேசுப்பட்ட ஆளு இல்ல. தீவாளிக்கு வரல, பொங்கலுக்கு வரல. திருநம்பின்னு கலெக்டர் ஆபீஸ்ல குடுக்குற சர்டிபிகேட் வந்தப்ப அக்காவுக்கு மட்டும் போட்டோ அனுப்புற, பெத்தவளுக்கு இல்ல. அக்கா போன்லதான் பாத்தேன், மீசையோட போட்டோல உங்க தாத்தா மாதிரியே இருக்க. நீ வாங்குனப்ப 2019 சட்டத்துப்படி அந்த சர்டிபிகேட்டுக்கு ஆன்லைன்ல போட்டாப் போதும்னு இருந்துச்சு, எந்த டாக்டரும் தொட்டுப் பாக்கலன்னு அக்கா சொன்னப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. எத்தன பேரு முன்னாடி நின்னியோன்னு நெனச்சு நெனச்சு அதுவரைக்கும் தூக்கமே இல்ல.

நெஞ்ச அமுக்குற அந்த இறுக்கமான பனியன், பைண்டரோ என்னமோ, அத நாள் பூராப் போட்டுருக்காத. எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகாதாம், வெலா எலும்பு வலிக்குமாம், மூச்சு முட்டுமாம். நீ இருமுறது அதுலதான்னு எனக்குத் தோணுது. ராத்திரி கழட்டிப்போட்டுத் தூங்கு. மெட்ராஸ் வெயில்ல அதயும் போட்டு மேல சட்டையும் போட்டு எப்பிடிடா பஸ்ல போற? ஆம்பள ஹார்மோன் ஊசி போடுறதுன்னா ரத்தம் கெட்டியாகுமாம், மொத வருசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பாக்கணுமாம். பாத்தியா? ரிசல்ட்ட அனுப்பு. எனக்குப் புரியாட்டியும் அனுப்பு. ராத்திரி அதக் கழட்டிரு.

கதிரு, ஆபீஸ் கார்டுக்கு யாருடா பிளட் குரூப்பு ராத்திரி பதினொரு மணிக்குக் கேப்பா?

நெஞ்சு ஆபரேஷன்னா ஆபரேஷன்னு சொல்லு. பண்ணாதன்னு சொல்றதுக்கு நான் இத எழுதல. மயக்க மருந்து குடுத்துத் தெளியுறப்ப பக்கத்துல ஆளு வேணும், டியூப் போட்டுருப்பாங்களாம், கையத் தூக்கித் தலை சீவ முடியாதாம். பிரண்ட்ஸ் இருக்காங்கம்மான்னுவ. இருக்கட்டும், நல்ல பிள்ளைகதான், அவுங்க வேலைக்குப் போயிட்டா ஒனக்குக் கஞ்சி யாரு வச்சுத் தருவா? அக்காவுக்கு சிசேரியன் ஆனப்ப பத்து நாளு அந்த ஆஸ்பத்திரித் தரையில படுத்தவதான நான், ஒனக்கு மட்டும் வரமாட்டேன்னு எப்பிடி நெனச்ச? மதுரை பெரியாஸ்பத்திரியிலயே இதுக்குன்னு தனியா கிளினிக் இருக்குன்னு அக்கா சொன்னா, அங்கன்னா வீட்டுச் சோறு. மெட்ராஸ்தான்னு முடிவு பண்ணிட்டா அதுவும் சரிதான்.

ஒரு கணக்கு இருக்கு பாத்துக்க. அந்த ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் போல வெயிட்டு தூக்கக் கூடாதாம். பாப்பா எட்டரைக் கிலோ, ஆசாரி ஊசிய எடுத்தா மடியில துள்ளு துள்ளுன்னு துள்ளுவா, ஒன் நெஞ்சுலதான் மிதிப்பா. அதனால ஒன் தேதியச் சொன்னேன்னா தையா மாசியான்னு நான் முடிவு பண்ணிருவேன், அப்பத்தாவ நான் பாத்துக்கிறேன். தோடு எடுத்தாச்சு, சீர்த்தட்டு சாமான அக்கா வீட்டுக்காரரே வாங்கி வச்சுர்றேன்னாரு. நீ அதுக்குக் கடன் கிடன் வாங்காத, ஆபரேஷனுக்கு வேற செலவு இருக்கும்.

பத்திரிகைக்குப் பேரு சர்டிபிகேட்ல உள்ளபடியே போடச் சொல்லவா? இனிஷியல் அப்பாவுதுதான், அதுல மாத்தம் இல்ல.

சாப்புடு. தேதிய அக்காகிட்ட இல்ல, எங்கிட்டச் சொல்லு. விருதுநகர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுனா விடிய எக்மோர் வந்துருவேன், ஆனா இப்பல்லாம் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடிதான் தெறக்குறான், அன்னிக்கே லோயர் பெர்த்து போயிருது.

அம்மா